தேசபந்து திடலும் தியாகி சங்கரலிங்கனாரும்

விருதுநகர் என்றவுடன் தமிழ் மக்களின் நெஞ்சில் முதலில் எழுவது பெருந்தலைவர் காமராசரின் உருவமாகும். அடுத்து நினைவுக்கு வருவன அவ்வூரின் வணிகச் சிறப்பும் செய்தித்தாள்களில் இடம்பெறும் விருதுநகர்ச் சந்தை விலை நிலவரமும் ஆகும். சற்றுத் தள்ளிச் சிவகாசி. அங்கே தீப்பெட்டியும் பட்டாசும் அச்சுத்தொழிலும். வானம் பொய்த்தாலும் உழைப்புப் பொய்க்காத கரிசல் மண் இது. இம்மண்ணின் பெருமையைப் பேசுவோர் பலரும் எளிதில் கடந்து சென்றுவிடும் பெயர் ஒன்று உண்டு. அது தியாகி சங்கரலிங்கனாரின் பெயர்.

விருதுநகரின் நடுவே, மாரியம்மன் கோயிலருகே, தேசபந்து மைதானம் என்னும் திடல் உள்ளது. 1925இல் மறைந்த வங்கத்துத் தலைவர் சித்தரஞ்சன் தாசைத் தேசபந்து என்று நாடு போற்றியது. அச்சிறப்புப் பெயரையே ஊர்மக்கள் தம் திடலுக்குச் சூட்டினர். எங்கோ கங்கைக் கரையில் வாழ்ந்த ஒரு தலைவரின் பெயரைத் தம் ஊர் நடுவில் நிறுத்திக்கொண்ட மக்கள் அவர்கள். அத்திடலில்தான் 1956ஆம் ஆண்டு அறுபத்தொரு வயது முதியவர் ஒருவர், தம் தாய்நிலத்திற்கு அதன் சொந்தப் பெயரைச் சூட்டுமாறு வேண்டி உண்ணாமல் கிடந்தார்.

மண்மலைமேட்டு மைந்தர்

சங்கரலிங்கனார் 1895ஆம் ஆண்டு விருதுநகரை அடுத்த மண்மலைமேடு என்னும் சிற்றூரில் கருப்பசாமி, வள்ளியம்மாள் இணையருக்கு மகனாகத் தோன்றினார். அக்காலத்தில் விருதுநகருக்கு விருதுபட்டி என்பதே பெயர். வணிகத்தால் வளர்ந்த அப்பட்டி, 1923ஆம் ஆண்டு விருதுநகர் எனப் பெயர் மாற்றம் பெற்றது. ஓர் ஊர் தன் வளர்ச்சிக்கேற்பத் தன் பெயரைத் தானே தெரிந்துகொள்ளலாம் என்பதைச் சங்கரலிங்கனார் தம் இருபத்தெட்டாம் வயதில் தம் ஊரிலேயே கண்டார். பட்டி நகரானபோது எவரும் உண்ணாநோன்பு இருக்க வேண்டியிருக்கவில்லை.

அவ்வூரின் பொதுவாழ்வுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. வணிகர்கள் தம் வரவில் ஒரு பகுதியை மகமையாக ஒதுக்கினர். இல்லத்தரசியர் உலையிலிடும் அரிசியில் நாள்தோறும் ஒரு பிடியை எடுத்து வைத்தனர். அந்தப் பிடியரிசியால் வளர்ந்த பள்ளியே சத்திரிய வித்தியாசாலை. காமராசர் பயின்றதும் அங்கேதான். பிறர் பிள்ளைகள் படிப்பதற்காகத் தன் உலையில் ஒரு பிடியைக் குறைத்துக்கொள்ளும் பண்பு அவ்வூரில் அறமாகப் போதிக்கப்படவில்லை. அன்றாடப் பழக்கமாகவே இருந்தது. சங்கரலிங்கனாரின் வாழ்வைப் புரிந்துகொள்ள இச்செய்தி இன்றியமையாதது.

இளமையிலேயே காங்கிரசு இயக்கத்தில் ஈடுபட்ட சங்கரலிங்கனார், காந்தியடிகளின் வழியைத் தம் வழியாக ஏற்றார். கதரைப் பரப்புவதைத் தம் கடமையாகக் கொண்டார். 1930ஆம் ஆண்டு உப்பு அறப்போரில் கலந்துகொண்டு சிறை சென்றார். விடுதலைக்குப் பின் அவருடைய இயக்கத்தைச் சார்ந்த பலர் சட்டமன்றம் சென்றனர், சிலர் அமைச்சராயினர். இவரோ விருதுநகருக்கு அருகிலுள்ள சூலக்கரைமேட்டில் எளிய வாழ்க்கையை மேற்கொண்டார். தம்மிடம் எஞ்சியிருந்த நாலாயிரம் ரூபாயைப் பெண்கள் பள்ளி ஒன்றுக்கு வழங்கி, அங்கே பயிலும் ஏழைச் சிறுமியர்க்கு நண்பகலில் உப்புமா கிடைக்க வழிசெய்தார். சிறுமியரின் பசியைப் போக்கியவர் தம் பசியை நாட்டின் முன் ஒரு முறையீடாக வைத்தது அதன் பின்னர்தான்.

கோரிக்கைகள் பன்னிரண்டு

1956 ஜூலை 27ஆம் நாள் சங்கரலிங்கனார் உண்ணாநோன்பைத் தொடங்கினார். அவர் முன்வைத்த கோரிக்கைகள் பன்னிரண்டு. மொழிவழி மாநிலங்கள் அமைய வேண்டும். சென்னை மாநிலம் தமிழ்நாடு எனப் பெயர்பெற வேண்டும். நாடு முழுவதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வர வேண்டும். அரசுப் பணியில் உள்ளோர் கதர் உடுத்த வேண்டும். ஆட்சியிலும் அரசியலிலும் உள்ளோர் ஆடம்பரம் நீக்கி எளிமையாக வாழ வேண்டும். தொடர்வண்டியில் எல்லோரும் ஒரே வகுப்பில் செல்ல வேண்டும். தொழிற்கல்வி பெருக வேண்டும். தேர்தல் முறையில் மாற்றம் வேண்டும் என்பன அவற்றுள் சில.

இக்கோரிக்கைகளை ஒருசேர நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். சங்கரலிங்கனார் மொழிப்பற்று ஒன்றினால் மட்டும் உந்தப்பட்டவர் அல்லர். அவர் காந்திய வழியில் நின்ற காங்கிரசுக்காரர். விடுதலைக்கு முன்னர்த் தம் இயக்கம் மக்களுக்குக் கொடுத்த சொற்களை விடுதலைக்குப் பின்னர் அவ்வியக்கத்தின் ஆட்சியிடம் அவர் நினைவூட்டினார். மொழிவழி மாநிலம் என்பதும் அத்தகைய வாக்குறுதியே. 1920ஆம் ஆண்டு நாகபுரி மாநாட்டில் காங்கிரசு தன் அமைப்பையே மொழிவழியாகப் பிரித்துக்கொண்டது. அன்று முதல் தமிழ்நாடு காங்கிரசு என்னும் பெயரிலேயே அக்கட்சி இங்கு இயங்கியது. கட்சிக்குப் பொருந்திய பெயர் ஆட்சிக்கு ஏன் பொருந்தாது என்னும் எளிய வினா அவருடைய நோன்புக்குள் இருந்தது.

அவர் காலத்தில் இத்தகைய நோன்புக்கு அண்மைச் சான்றும் இருந்தது. தெலுங்கு மக்களுக்குத் தனி மாநிலம் வேண்டிப் பொட்டி சிறீராமுலு 1952 அக்டோபர் 19ஆம் நாள் சென்னையில் உண்ணாநோன்பு தொடங்கி, ஐம்பத்தெட்டாம் நாளாகிய டிசம்பர் 15 அன்று உயிர்நீத்தார். கலவரம் மூண்டது, நான்கு நாள்களில் தலைமை அமைச்சர் நேரு ஆந்திர மாநிலம் அமையும் என அறிவித்தார், 1953 அக்டோபர் 1ஆம் நாள் அம்மாநிலம் பிறந்தது. நோன்பு எங்கே முடியக்கூடும் என்பதைச் சங்கரலிங்கனார் அறியாதவர் அல்லர். ஆட்சியாளரும் அறியாதவர் அல்லர்.

திடலில் கழிந்த நாள்கள்

சூலக்கரைமேட்டில் தொடங்கிய நோன்பு, பின்னர் விருதுநகர் தேசபந்து மைதானத்திற்கு மாறியது. ஊருக்கு வெளியே ஒருவர் தனியே மேற்கொண்ட தவம், ஊர் நடுவே எல்லோரும் காணும் நிகழ்ச்சியாயிற்று. கடைவீதிக்குச் செல்வோரும் கோயிலுக்கு வருவோரும் அவரைக் கண்டனர்.

பழந்தமிழர் வாழ்வில் வடக்கிருத்தல் என்னும் வழக்கம் உண்டு. தம் மக்களோடு போர் மூளும் நிலை வந்தபோது கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தான். காணாமலே நட்புக்கொண்ட பிசிராந்தையார் அவனோடு வந்து சேர்ந்தார். போரில் முதுகில் புண்பட்ட நாணத்தால் சேரமான் பெருஞ்சேரலாதன் வடக்கிருந்தான். அவர்கள் தம் மானத்தைக் காக்க உண்ணாதிருந்தவர்கள். சங்கரலிங்கனாருக்குத் தனிப்பட்ட முறையில் இழுக்கு எதுவும் நேரவில்லை. அவர் இழந்ததாக எண்ணியது மக்கள் அனைவருக்கும் உரிய பெயரை. ஆகவே அவருடைய நோன்பை வடக்கிருத்தலோடு ஒப்பிடும்போது இவ்வேறுபாட்டையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

நாள்கள் செல்லச் செல்லத் தலைவர்கள் திடலை நாடினர். அறிஞர் அண்ணா, சிலம்புச் செல்வர் ம.பொ.சிவஞானம், பொதுவுடைமைத் தலைவர் ஜீவானந்தம் முதலியோர் அவருடைய நோக்கத்தைப் போற்றினர். ஆயினும் உயிரைக் காத்துக்கொள்ளுமாறு வேண்டினர். அப்போது முதலமைச்சராக இருந்தவர் காமராசர். 1903இல் அதே விருதுபட்டியில் பிறந்தவர். அதே இயக்கத்தில் சிறைசென்றவர். அவரும் நோன்பைக் கைவிடுமாறு வேண்டினார். கோரிக்கைகளுள் பல மைய அரசின் அதிகாரத்திற்கு உட்பட்டவை என்பது உண்மையே. மதுவிலக்கை நாடு முழுவதும் கொண்டுவரவோ தொடர்வண்டி வகுப்புகளை ஒன்றாக்கவோ மாநில முதலமைச்சரால் இயலாது. ஆனால் மாநிலத்தின் பெயரை மாற்றுமாறு பரிந்துரைக்கச் சட்டமன்றத்தால் இயலும். அப்பரிந்துரை அன்று செய்யப்படவில்லை.

காமராசரின் பெருமைக்கு இச்செய்தியால் குறைவு நேராது. பள்ளிதோறும் நண்பகல் உணவு தந்து ஏழைச் சிறுவர்க்குக் கல்விக் கண் திறந்த அவருடைய ஆட்சி தமிழ்நாட்டு வரலாற்றில் தனியிடம் பெற்றது. எனினும், ஒரே ஊரின் இரு பெருமக்கள், ஒரே கொடியின் கீழ் வளர்ந்தவர்கள், ஒரு பெயரின் முன் வெவ்வேறு பக்கம் நின்றனர் என்னும் உண்மையை விருதுநகரின் வரலாறு மறைக்க வேண்டியதில்லை. இருவரையும் போற்றும் ஊருக்கே அதைச் சொல்லும் தகுதி உண்டு.

உயிர் பிரிந்த பின்

உடல்நிலை மிகவும் சீர்கெட்ட நிலையில் சங்கரலிங்கனார் மதுரை அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார். 1956 அக்டோபர் 13ஆம் நாள் அங்கே உயிர்நீத்தார். நோன்பு தொடங்கிய நாளையும் சேர்த்து எண்ணினால் அது எழுபத்தொன்பதாம் நாள். தீபாவளி நெருங்கி, சிவகாசியிலிருந்து பட்டாசு சுமந்த வண்டிகள் ஊரூராகச் செல்லும் பருவம் அது.

தாம் இறந்தால் தம் உடலைப் பொதுவுடைமைக் கட்சியினரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். அதன்படி அக்கட்சியின் தலைவர்களான கே.டி.கே. தங்கமணியும் கே.பி. ஜானகியம்மாளும் அவ்வுடலைப் பெற்றுக்கொண்டனர். மதுரைத் தத்தனேரியில் இறுதிச் சடங்கு நடந்தது. வாழ்நாள் முழுவதும் கதர் உடுத்திய ஒருவர், தம் இறுதிப் பயணத்தைத் தம் கட்சிக்குத் தரவில்லை. எழுபத்தொன்பது நாள் நோன்பைக் காட்டிலும் இம்முடிவு அவருடைய மனத்துயரைத் தெளிவாகக் காட்டுகிறது எனலாம்.

அவர் மறைந்த பத்தொன்பதாம் நாள், 1956 நவம்பர் 1 அன்று, இந்தியா முழுவதும் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. தெற்கே கன்னியாகுமரி மாவட்டமும் செங்கோட்டையும் தமிழகத்தோடு இணைந்தன. ஒரு கோரிக்கை நிறைவேறிற்று. எல்லை கிடைத்தது, பெயர் கிடைக்கவில்லை. தமிழர் வாழும் நிலம் சென்னை மாநிலமாகவே தொடர்ந்தது.

பெயர் வந்த வழி

1957ஆம் ஆண்டு சட்டமன்றத்தில் தி.மு.கழகம் கொண்டுவந்த பெயர்மாற்றத் தீர்மானம் தோல்வியுற்றது. 1961இல் இக்கோரிக்கை மீண்டும் எழுந்தபோது, தமிழில் எழுதும்போது தமிழ்நாடு என்றும் ஆங்கிலத்தில் எழுதும்போது மெட்ராஸ் என்றும் வழங்கலாம் என அரசு ஓரளவு இறங்கிவந்தது. அதே ஆண்டு மாநிலங்களவையில் இதற்கெனத் தனிமசோதா கொண்டுவந்தவர் பூபேசு குப்தா. வங்கத்தைச் சேர்ந்த பொதுவுடைமையாளர் அவர். வங்கத்துத் தேசபந்துவின் பெயர் கொண்ட திடலில் எழுந்த கோரிக்கை, மற்றொரு வங்கத்தவரின் வாயிலாகத் தில்லியை அடைந்தது.

1963இல் அம்மசோதா விவாதத்திற்கு வந்தபோது அறிஞர் அண்ணா அதனை ஆதரித்துப் பேசினார். தமிழ்நாடு என்னும் பெயர் புதிதாகப் புனைந்ததன்று என்பதற்குப் பழந்தமிழ் இலக்கியங்களைச் சான்று காட்டினார். பெயரை மாற்றுவதால் என்ன பயன் என வினவியோர்க்கு, மைய அரசின் அவைகளுக்கு லோக்சபை, இராச்சியசபை என்று பெயரிட்டதால் விளைந்த பயன் யாதோ அதுவே இதற்கும் என்னும் பொருள்பட விடையளித்தார். ஆயினும் மசோதா தோல்வியுற்றது.

1967இல் ஆட்சி மாறியது. அவ்வாண்டு ஜூலை 18ஆம் நாள், முதலமைச்சர் அண்ணா கொண்டுவந்த தீர்மானத்தைச் சட்டமன்றம் ஒருமனதாக நிறைவேற்றியது. முன்னர் எதிர்த்த காங்கிரசு உறுப்பினர்களும் ஆதரித்தனர். 1968இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 1969 சனவரி 14ஆம் நாள் தமிழ்நாடு என்னும் பெயர் நடைமுறைக்கு வந்தது. சங்கரலிங்கனார் மறைந்து அப்போது பன்னிரண்டு ஆண்டுகளும் மூன்று திங்களும் கழிந்திருந்தன. பெயர் நடைமுறைக்கு வந்த இருபதாம் நாள், பிப்ரவரி 3 அன்று, அண்ணாவும் மறைந்தார்.

கல்லும் சொல்லும்

போரில் பட்ட வீரனுக்குக் கல் நடுதல் தமிழரின் தொல்மரபு. கல்லைக் கண்டு தெரிவது முதல் அதனை நட்டு வாழ்த்துவது வரை தொல்காப்பியம் அதற்குப் படிநிலைகள் வகுக்கிறது. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டம் இம்மரபையே விரித்துக் காதைகளுக்குப் பெயராகவும் கொண்டது. கண்ணகிக்குச் சிலை வடிக்கக் கல் கொணர்வது பற்றிச் சேரன் செங்குட்டுவன் சூழும் காட்சிக் காதையில்தான் தமிழ்நாடு என்னும் சொல் வருகிறது. நினைவுக்கல்லைப் பற்றிய பேச்சுக்கு நடுவே நாட்டின் பெயரும் அமைந்திருப்பது எண்ணி மகிழத்தக்கது.

உலகில் வேறு வகை நினைவுச்சின்னங்களும் உண்டு. இரண்டாம் உலகப்போரில் நாசிப் படைகளை விரட்டிய செம்படையினர்க்குச் சோவியத்து ஆட்சி கிழக்கு ஐரோப்பிய நகரங்களின் சதுக்கங்களில் பெருஞ்சின்னங்களை எழுப்பியது. எசுத்தோனியத் தலைநகர் தாலினில் 1947இல் வெண்கல வீரன் நின்றான். பல்கேரியத் தலைநகர் சோபியாவில் 1954இல் செம்படைச் சின்னம் எழுந்தது. இலாத்வியத் தலைநகர் ரீகாவில் 1985இல் வெற்றித்தூண் உயர்ந்தது. எழுப்பியோர் அவற்றை விடுதலையின் சின்னம் என்றனர். அந்நாடுகளின் மக்களுள் பலருக்கோ அவை அடுத்து வந்த அடக்குமுறையின் அடையாளமாகத் தோன்றின. ஆட்சி மாறிய பின் தாலின் வீரன் 2007இல் படைவீரர் இடுகாட்டிற்குப் பெயர்க்கப்பட்டான். ரீகாவின் தூண் 2022இல் வீழ்த்தப்பட்டது. சோபியாவின் சின்னத்தைப் பிரிக்கும் பணி 2023இல் தொடங்கியது. போரில் மாண்ட எளிய வீரரின் தியாகம் பொய்யன்று. ஆனால் ஆட்சி நிறுத்திய கல், அந்த ஆட்சியின் வலிமையையே சார்ந்து நிற்கிறது.

சங்கரலிங்கனாருக்கு இது நேர்மாறாக நடந்தது. அவர் உயிர் கொடுத்தபோது ஆட்சி அவர் பக்கம் இல்லை. விருதுநகரில் அரசு அவருக்கு மணிமண்டபம் எழுப்பியது அவர் மறைந்து ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கடந்த பின்னரே. அதற்கு நெடுங்காலம் முன்பே, அவர் வேண்டிய பெயர் பள்ளிச் சான்றிதழிலும் பேருந்திலும் நீதிமன்ற ஆணையிலும் பொறிக்கப்பட்டுவிட்டது. அச்சொல்லைப் பெயர்த்தெடுக்க எந்த இயந்திரத்தாலும் இயலாது.

எனினும் இதில் ஓர் இழப்பும் உண்டு. கல்லைக் காண்போர் இது யாருக்கு என வினவுவர். நாள்தோறும் நாவில் புரளும் பெயரை எவரும் அவ்வாறு வினவுவதில்லை. பெயர் நிலைத்தது; பெயருக்காக மாண்டவர் மறைந்துகொண்டே போனார்.

எஞ்சிய கோரிக்கைகள்

நினைவுகூரும் சிலரும் அவரை ஒரே கோரிக்கைக்கு உரியவராகச் சுருக்கிவிடுகின்றனர். ஏனைய கோரிக்கைகளின் நிலை என்ன? தொடர்வண்டியில் மூன்றாம் வகுப்பு 1974இல் நீங்கியது. வகுப்பு வேறுபாடு நீங்கவில்லை. கதர், விழாநாள் உடையாயிற்று. அரசியலில் எளிமை, பழைய தலைவர்களைப் பற்றிச் சொல்லும் கதையாயிற்று. மதுவிலக்கின் நிலையோ எல்லாவற்றினும் துயரமானது. அவர் நோன்பிருந்த காலத்தில் சென்னை மாநிலத்தில் மதுவிலக்கு இருந்தது. அதனை நாடு முழுவதற்கும் விரிக்கவே அவர் வேண்டினார். 1971இல் அது முதலில் தளர்ந்தது. 2003 முதல் அரசு நிறுவனமே சில்லறையாக மதுவை விற்கிறது. அந்நிறுவனத்தின் பெயர் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம். சங்கரலிங்கனார் உயிர் கொடுத்துப் பெற்ற சொல், அவர் உயிர் கொடுத்து எதிர்த்த பொருளை விற்கும் கடைகளின் பெயர்ப்பலகையில் முதற்சொல்லாக நிற்கிறது. ஒரு கோரிக்கையின் வெற்றி மற்றொன்றின் தோல்விக்கு விளம்பரமாகிவிட்டது.

நடுகல்லில் வீரனின் பெயரை மட்டும் முன்னோர் பொறிக்கவில்லை. அவன் எதற்காகப் போரிட்டான், எதனை மீட்டான் என்பதையும் பொறித்தனர். ஆநிரை மீட்டவனை ஆநிரையோடு சேர்த்தே நினைத்தனர். சங்கரலிங்கனாரைப் பாட முற்படும் கவிஞர்க்கும் இதுவே நெறியாதல் வேண்டும். தமிழ்நாடு என்னும் பெயரைப் பெற்றுத்தந்தவர் என்று வாழ்த்துவதோடு நின்றால் அவருடைய வாழ்வின் ஒரு பகுதியே பாடப்பட்டதாகும். சிறுமியர்க்கு உப்புமா அளித்த கையும், ஒரே வகுப்பில் எல்லோரும் பயணம் செய்ய வேண்டும் என்று எண்ணிய நெஞ்சும், தம் இயக்கத்திடமே கணக்குக் கேட்ட துணிவும் சேர்ந்ததே சங்கரலிங்கனார்.

சட்டமன்றத் தீர்மானம் நிறைவேறிய ஜூலை 18ஆம் நாள் தமிழ்நாடு நாளாகக் கொண்டாடப்படும் என 2021ஆம் ஆண்டு அரசு அறிவித்தது. அது பெயர் வெற்றிபெற்ற நாள். அக்டோபர் 13 அப்பெயருக்கு விலை கொடுக்கப்பட்ட நாள். ஆண்டுதோறும் அந்நாளில் தேசபந்து மைதானத்தில் தமிழன்பர்கள் கூடி, அவருடைய பன்னிரண்டு கோரிக்கைகளையும் ஒன்றுவிடாமல் உரக்கப் படித்தாலே போதும். அவற்றுள் எவை நிறைவேறின, எவை காத்திருக்கின்றன என்பதைக் கேட்போர் தாமே எண்ணிக்கொள்வர்.